செவ்வாய் வெள்ளிக் கஞ்சி

திருத்தணி
18-11-2024

அன்புத் தம்பி டில்லிபாபுவுக்கு,

அக்கா ஹேமாவதி எழுதிக்கொள்வது. தணிகைமலையான் புண்ணியத்தில் வீட்டில் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த ஊர்க் கொசு உன்னை விட்டுவைத்திருக்கிறதா?

போனில் கூப்பிட்டால் நீ "ஆங்க்கா, ஆங்க்கா" என்றே பேச்சை முடித்துவிடுகிறாய். உன் ஊர் சிக்னலும் நாலு வார்த்தைக்கு மேல் நிற்பதில்லை. உன் சென்னை ஆபீஸ் விலாசத்துக்குக் கடிதம் அனுப்பினால் அவர்கள் தங்கள் தபால் பையில் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். அதனால் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் எங்கள் கண்டிகைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். பல நாடுகள் ஒன்றுகூடி, பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு போடலாம் என்று பார்க்கிறார்களாம். அதில் இரண்டு பெண்கள் நீ இருக்கிற மலாவியைச் சேர்ந்தவர்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையல்கட்டுக்குள் வந்து, குண்டான் மூடியைத் தானே திறந்து பார்த்தார். அன்றைக்குக் கொண்டைக்கடலை சாதமும் மிளகு முட்டையும். வட்டார அலுவலர் வீராசாமி சார்தான் அவர்கள் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொன்னார்.

"புள்ளைங்க தெனம் இதேதான் சாப்டுதான்னு கேக்கறாங்கம்மா."

"இல்ல சார், சோறு தெனம் ஒண்ணு மாறும். முட்டை மட்டும் தெனம் உண்டு" என்றேன்.

அந்த அம்மா முட்டையைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மே மாச லீவுல நாலு சமையல்காரம்மாவ மலாவிக்கு அனுப்பப் போறாங்க. நீங்க எப்படி சமைக்கிறீங்க, எப்படி பந்தி நடத்துறீங்கன்னு அங்க காட்டணும். உங்க பேரையும் எழுதிக்கினு போயிருக்காங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் காதில் போட்டேன். உன் பாவாவைத்தான் தெரியுமே. "அரக்கோணம் தாண்டாதவ ஆப்பிரிக்கா போறாளாம்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்குத்தான் பெருமை அதிகம்.

உன்னைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது, தம்பி. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அக்கா


தெற்கு மலாவி
15-12-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஜீப்பில் உட்கார்ந்தே படித்தேன். டிரைவர் "நல்ல செய்தியா?" என்று கேட்டான். என் முகத்தில் தெரிந்திருக்கிறது. நான் சுகம். பாவாவுக்கு என் வணக்கத்தைச் சொல். ஆப்பிரிக்காவுக்கு அரக்கோணம் வழியாகத்தான் போக வேண்டும் என்றும் சொல்.

வா அக்கா. நீ வந்தால் எஸ்நாத்தைப் பார்க்க வேண்டும். நாங்கள் மக்காச்சோளத்தையும் சோயாவையும் சேர்த்து அரைத்த மாவைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறோம். அதைக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது பிள்ளைகளின் தாய்மார்கள். சம்பளம் கிடையாது, முறைபோட்டு வருகிறார்கள். விறகும் அவர்களே சுமந்து வருவதுதான். ஆற்றங்கரைப் பள்ளியில் அவர்களுக்குத் தலைவி எஸ்நாத். உன் வயதுதான் இருக்கும். நீ வரப்போகிறாய் என்றதும், "உன் அக்கா பானையைத் தனியா எறக்குவாளா, ஆள் கூப்பிடுவாளா?" என்று கேட்டாள். தனியாக இறக்கித்தான் முழங்கால் போனது என்றேன். "அப்ப அவ சமையல்காரிதான்" என்றாள்.

இங்கே இது பசி மாதம். போன அறுவடை தீர்ந்துவிட்டது, அடுத்தது ஏப்ரலில்தான். பல பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளியில் ஊற்றும் கஞ்சிதான் அன்றைய சாப்பாடு. ஏழாம் வகுப்பில் சிஃபுண்டோ என்றொரு பெண், பதினாலு வயது. தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பாள். "உங்க ஊருக்கு நடந்தா எத்தனை நாள்?" என்று ஒருநாள் கேட்டாள். நடுவில் கடல் இருக்கிறது என்றேன். "அப்ப நீங்க திரும்பிப் போறது கஷ்டம்தான்" என்று எனக்காக வருத்தப்பட்டாள்.

வரும்போது புளி கொண்டுவா. வேறொன்றும் வேண்டாம்.

உன் தம்பி,
டில்லிபாபு


திருத்தணி
9-1-2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே குறை ஒன்றுமில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். எதிர்வீட்டு பங்காரு பயந்துபோய், "இன்னா ஹேமா, எதனா பிரச்சனையா?" என்று ஓடிவந்தாள். வெளிநாடு போகிறேன் என்றேன். நம்பாமல் போய்விட்டாள்.

மகள் மோனிஷா எனக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிறாள். நாக்கு வளைய மாட்டேன் என்கிறது. அவள் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. அவள் வயதில் நான் கழுத்தில் தாலியோடு இந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் எனக்கு டீச்சராக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சிரிப்பாக வருகிறது.

செங்கல் சூளைக்கு ஒடிசாக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் பள்ளியில்தான். தமிழில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை "இன்னும்". தட்டை நீட்டி "இன்னும்" என்கிறார்கள். கேட்டால் போட்டுவிட வேண்டியதுதான்.

உன் சிஃபுண்டோவிடம் சொல், அவளைப் பார்க்கத்தான் கடல் தாண்டி வருகிறேன் என்று. பிரயாணத்துக்கு இரண்டு சேலை தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

அக்கா


தெற்கு மலாவி
24-2-2025

அன்புள்ள அக்கா,

நான் நலமே. எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

மே மாதப் பயணத்தைப் பற்றி யோசித்தேன். இந்த வருஷம் வேண்டாம் என்று தோன்றுகிறது. வெயில் கடுமை. மலேரியாவும் இருக்கிறது. சாலை சரியில்லை, ஜீப்பில் வந்தால் உன் முழங்கால் தாங்காது. சாப்பாடும் உனக்கு ஒத்துக்கொள்ளாது. வீராசாமி சார் கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடேன். பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

வேலை அதிகம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். மோனிஷாவை நன்றாகப் பரீட்சை எழுதச் சொல்.

டில்லிபாபு


திருத்தணி
20-3-2025

தம்பிக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை மோனிஷா வாசித்துக் காட்டினாள். பிறகு நானும் படித்தேன். வெயில் என்கிறாய். நான் தினமும் நிற்பது அடுப்புக்கு முன்னால். சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்கிறாய். நீயும் நானும் ஒரே வீட்டில் பழங்கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள்தானே.

நீ கடைசியாக ஊருக்கு வந்தபோது உன் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் மலைக்குச் சாமி கும்பிட வந்தார்கள். "அக்கா ஸ்கூல்ல வேலை செய்யறாங்க" என்று அவர்களிடம் சொன்னாய். அவர்கள் என்னை டீச்சர் என்று நினைத்துக்கொண்டு, என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ காபி எடுத்துவர உள்ளே போய்விட்டாய்.

வேண்டாம் என்றால் வேண்டாம். கால்வலி என்று சாரிடம் சொல்லிவிட்டேன். பெரிய ஆபீசர்கள் நடுவில் சமையல்காரி வந்து நின்றால் உனக்குச் சங்கடம். அதை நேராகவே எழுதியிருக்கலாம்.

ஹேமாவதி


திருத்தணி
22-4-2025

டில்லி,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. நானே எழுதுகிறேன்.

நேற்று வீராசாமி சார் பள்ளிக்கு வந்தார். "நல்லவேளை நீங்க மொதல்லயே வரலன்னுட்டீங்க. மத்த மூணு பேருக்கும் டிக்கெட் இல்லன்னு ஆயிடுச்சி. அங்க திட்டமே நின்னுபோச்சாம்மா, பிப்ரவரியிலயே. உங்க தம்பி சொல்லலையா?" என்று கேட்டார்.

"சொன்னான் சார்" என்றேன். உன்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

பிப்ரவரியில் நின்றது என்றால், நீ எனக்கு வெயிலையும் மலேரியாவையும் எழுதும்போதே நின்றுவிட்டதா? அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள்? சிஃபுண்டோ வருகிறாளா? உனக்கு வேலை இருக்கிறதா?

போன கடிதத்தில் நான் எழுதியதை நினைத்துக்கொண்டிருக்காதே. உடனே எழுது.

அக்கா


தெற்கு மலாவி
19-5-2025

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகத்தான் கைக்கு வந்தன. சென்னை ஆபீசை மூடிவிட்டார்களாம். இனி உறையின் பின்னால் எழுதியிருக்கும் தேவாலய விலாசத்துக்குச் சாதாரணத் தபாலில் அனுப்பு.

காபி எடுத்துவர உள்ளே போனது தப்புதான். ஆனால் உன்னை வர வேண்டாம் என்றது அதனால் இல்லை. நீ வந்தால் காட்டுவதற்கு இங்கே ஒரு அடுப்பும் எரியவில்லை. அதை எழுதக் கை வரவில்லை.

எங்களுக்குப் பெரும்பணம் கொடுத்துவந்த நாட்டு அரசு திடீரென்று நிறுத்திக்கொண்டது. காரணம் யாரும் சொல்லவில்லை. வேலையை உடனே நிறுத்து, மாவுக் கிடங்கைப் பூட்டு, மறு உத்தரவு வரும்வரை ஒரு மூட்டைகூட வெளியே போகக் கூடாது என்று ஒரு மின்னஞ்சல். பள்ளிகளுக்குப் போய்ச் சொல்ல வேண்டியது என் வேலை.

ஆற்றங்கரைப் பள்ளிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எஸ்நாத் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்துவிட்டு, மாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கையில் குவளையோடு வரிசையில் நின்றார்கள். ஜீப்பைப் பார்த்ததும் கத்தினார்கள், மாவு வந்துவிட்டது என்று. நான் இறங்கி அவளிடம் சொன்னேன்.

"இன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டாள்.

"தெரியல. இனிமே இல்லன்னுதான் நெனக்கிறேன்."

"கெடங்குல மாவு இருக்குதானே?"

"இருக்குது. தொடக் கூடாதாம்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வரிசையைப் பார்த்தாள். பிறகு பானையில் உப்பைப் போட்டுக் கலக்கி, ஒவ்வொரு குவளையாக அந்தச் சுடுதண்ணீரை ஊற்றினாள். பிள்ளைகள் ஊதி ஊதிக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனார்கள். மறுநாள் பாதிப் பேர் வரவில்லை.

கிடங்குச் சாவி அப்போது என்னிடம்தான் இருந்தது அக்கா. பூட்டைத் திறந்திருக்கலாம். மூன்று வாரம் தினமும் மேலிடத்துக்கு எழுதினேன், கெஞ்சினேன். பூட்டைத் திறக்கவில்லை. பிறகு லாரிகள் வந்து மாவை வேறு எங்கோ ஏற்றிக்கொண்டு போயின.

ஏப்ரல் கடைசியோடு எனக்கும் வேலை முடிந்தது. தேவாலயத்தில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். வேறு நாட்டுத் தூதரகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் மரியாதையாகப் பதில் போடுகிறார்கள். அடுத்த நிதியாண்டு என்கிறார்கள்.

ஊருக்கு வந்துவிடலாம் என்று தினமும் தோன்றுகிறது. தினமும் இங்கேயே இருக்கிறேன். அசதியாக இருக்கிறது.

டில்லி


திருத்தணி
16-6-2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். உன் பாவா, "அவன இங்க வரச் சொல்லு, கெணத்து மோட்டாரு பாக்கக்கூட ஆளில்ல" என்கிறார். அவருக்குப் பாசத்தைக் காட்ட வேறு வழி தெரியாது. மோனிஷா தேறிவிட்டாள், பதினொன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம்.

பள்ளி திறந்துவிட்டது. முதல் நாள் குண்டானை இறக்கும்போது எஸ்நாத்தைத்தான் நினைத்தேன். வரிசை கட்டி நிற்கும் பிள்ளைகளிடம் இல்லை என்று சொல்லும்படி எனக்கு இதுவரை நேர்ந்ததில்லை. நேர்ந்திருந்தால் நான் பின்வாசல் வழியாக ஓடியிருப்பேன்.

இப்போது அறுவடை முடிந்திருக்குமே, வீடுகளில் சோளம் இருக்குமே? தாய்மார்கள் சேர்ந்து எதுவும் செய்கிறார்களா? அங்கே முருங்கை உண்டா? கீரையைக் கஞ்சியில் போடலாம் என்று எஸ்நாத்திடம் சொல். நான் கேட்டதாக அவளையே எனக்கு நாலு வரி சொல்லச் சொல், நீ தமிழில் எழுது.

சிஃபுண்டோவைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ ஒன்றும் எழுதவில்லை.

அக்கா


தெற்கு மலாவி
14-7-2025

அன்புள்ள அக்கா,

சுகம். செப்டம்பர் கடைசியில் விசா முடிகிறது. அதன்பின் ஊருக்குத்தான் வர வேண்டும்.

நீ கேட்டபடி எஸ்நாத்தை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் அவள் கேட்டது, "நான் சொல்றத அப்படியே எழுதுவியா, உனக்குப் புடிச்சத மட்டும் எழுதுவியா?" என்று. அப்படியே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இனி அவள் பேச்சு.

*டில்லியின் அக்காவுக்கு, எஸ்நாத் சொல்வது. இந்த ஊர் வழக்கப்படி உங்களை அச்செம்வாலி என்று கூப்பிடுகிறேன். சகோதரி என்று அர்த்தம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இடுப்பு.*

*முருங்கையைப் பற்றிச் சொல்லியனுப்பினீர்கள். சிரித்துவிட்டேன். என் வீட்டு வாசலிலேயே மூன்று மரம் நிற்கிறது. கஞ்சியில் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். கீரை இருக்கிறது, கஞ்சிதான் இல்லாமல் போனது.*

*இப்போது அறுவடை முடிந்து வீட்டுக்கு ஒரு முறம் சோளம் என்று ஊரில் சேர்த்திருக்கிறோம். ஊர்த் தலைவர் அரைக்க ஏற்பாடு செய்தார். செவ்வாயும் வெள்ளியும் கஞ்சி ஊற்றுகிறோம். அதற்கு மேல் முடியாது. இதுவும் நவம்பர் வரைதான் வரும்.*

*சிஃபுண்டோவைக் கேட்டீர்களாம். உங்கள் தம்பி சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். மார்ச்சில் அவளை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மீன் வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சட்டம் அதை ஒத்துக்கொள்ளாது. பசி ஒத்துக்கொண்டது. உங்கள் தம்பியும் தலைமையாசிரியரும் அவள் அப்பனிடம் போய்ச் சண்டை போட்டார்கள். அவன், "நீ கஞ்சியத் திருப்பிக் கொண்டுவா, நான் பொண்ணத் திருப்பிக் கொண்டுவரேன்" என்றான். டில்லி வாசலில் நின்றுகொண்டே இருந்தான். அங்கிருந்து அவனைக் கூட்டிவந்தது நான்தான்.*

*ஜூனில் நான் ஓடத்தில் அக்கரைக்குப் போனேன். அவள் மாமியாரிடம், "செவ்வா, வெள்ளி பள்ளிக்கூடத்துல கஞ்சி உண்டு. ஆனா வகுப்புல உக்காந்த புள்ளைக்குத்தான் ஊத்துவோம்" என்றேன். ஒரு வேளைச் சோறு மிச்சம் என்று அந்த அம்மா கணக்குப் போட்டாள். அந்த இரண்டு நாளும் இப்போது அனுப்புகிறாள். பெண் கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். இன்னும் சிரிக்க ஆரம்பிக்கவில்லை.*

*உங்களை இங்கே அனுப்ப நினைத்தவர்களுக்கு நல்ல எண்ணம்தான். நானும் உங்களுக்காகக் காத்திருந்தேன். எஸ்நாத்.*

அக்கா, இதை உனக்கு எழுத முடியாமல்தான் இவ்வளவு நாள் இருந்தேன். வேறு யாருக்கானாலும் எழுதியிருப்பேன்.

டில்லி


திருத்தணி
18-8-2025

அன்புத் தம்பி டில்லிக்கு,

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. இரண்டு நாளாகக் காவடிச் சத்தத்தில் காது அடைத்துக் கிடக்கிறது. நாங்கள் சுகம்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கிணறு வற்றிய வருஷம் நைனா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கட்டிக்கொடுத்தார். "ஒரு வாய் கொறையும்" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நீ அப்போது சின்னப் பிள்ளை, மாப்பிள்ளை வீட்டு லட்டைத் தின்றுகொண்டிருந்தாய். உன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. உன் பாவா நல்ல மனுஷன், அது என் அதிர்ஷ்டம். ஆனால் அதற்கப்புறம் பல வருஷம், மத்தியானப் பள்ளி மணி கேட்டாலே எனக்குப் பசிக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நீ அந்த வாசலில் நின்றது போதும். அதையே நினைத்துக்கொண்டிருக்காதே.

எஸ்நாத்திடம் சொல், முழங்காலுக்கு மருந்துக்கடையில் பட்டை வாங்கி மாட்டியிருக்கிறேன், ஒன்றும் பிரயோஜனம் இல்லை. ஓடம் ஏறிப் போய்ப் பேசிவிட்டு வந்தாளே, அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

சார் சொல்கிறார், வெளிநாட்டில் மறுபடி பெரிய கூட்டம் போடப்போகிறார்களாம், எல்லா நாட்டுப் பள்ளிகளிலும் சாப்பாடு போட. போடட்டும். நல்லதுதான். அவர்கள் எழுந்து வருவதற்குள் நவம்பர் வந்துவிடும்.

இங்கே மணி ஆகிவிட்டது, அரிசி களைய வேண்டும். ஒன்றே ஒன்று. செவ்வாயும் வெள்ளியும் சரி. மற்ற நாளெல்லாம் அந்தப் பெண் என்ன சாப்பிடுகிறாள்? போய்ப் பார். அதைத் தெரிந்துகொண்டு ஊருக்குக் கிளம்பு.

உன் அக்கா,
ஹேமாவதி